சக்கரம் சுற்றாமல் கொண்டுபோங்கள்

பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே ரெக்கவரி வண்டி ஓட்டும் தோழர்களுக்கும், அந்த வண்டிகளின் உரிமையாளர்களுக்கும் குத்தம்பாக்கத்திலிருந்து ஒரு திறந்த மடல்.



வெளிவட்டச் சாலை வந்து சேரும் நசரத்பேட்டையிலிருந்து திருமழிசை, குத்தம்பாக்கம் தாண்டி இருங்காட்டுக்கோட்டை சிப்காட் வரை, பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு கார் நின்றுபோனால் அதன் உரிமையாளர் முதலில் தேடுவது உங்கள் எண்ணைத்தான். டீசல் வண்டி, பெட்ரோல் வண்டி விஷயத்தில் உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எந்த வண்டிக்கு எங்கே கொக்கி மாட்டுவது, நியூட்ரலில் போட்டு எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதெல்லாம் கைப்பழக்கமாகவே வந்திருக்கும். மின்கார் அந்தப் பழக்கத்துக்குள் அடங்காத வண்டி. அதிலும் ஒரு குறிப்பிட்ட கோரிக்கையைப் பற்றி எழுதத்தான் இந்த மடல். இணையத்தில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, "சார்ஜ் தீர்ந்துபோச்சு, கயிறு கட்டி நாலு கிலோமீட்டர் இழுத்துக் கொடுங்க, தானா ஏறிடும்" என்று கேட்பவர்கள் உங்களுக்கு வாய்ப்பார்கள். இன்று இல்லையென்றால் நாளை. அவர்களுக்கு நீங்கள் முடியாது என்று சொல்ல வேண்டும். அது ஏன் என்பதை, பயமுறுத்தாமல், கணக்குப் போட்டே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடலாம். அந்தக் காணொளிகள் பொய்யல்ல. மின்காரின் மோட்டார், கரண்ட் கொடுத்தால் சக்கரத்தைச் சுற்றும்; சக்கரம் அதைச் சுற்றினால் கரண்ட் கொடுக்கும். ஓட்டுநர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது வண்டி வேகம் குறைந்து, அந்த வேகத்தின் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பிப் போவது இப்படித்தான். ஆகவே காரை "டி"-யில் போட்டு, முன்னால் ஒரு லாரியைக் கட்டி இழுத்தால் பேட்டரி மீட்டர் ஏறத்தான் செய்யும். ஆனால் பழைய சைக்கிளில் டைனமோவை டயரோடு சாய்த்துவிட்டு மிதித்தவர்களுக்கு மீதிக் கதையும் தெரியும். விளக்கு எரியும், கூடவே மிதி கனக்கும். சக்கரம் தரும் மின்சாரம் முழுவதும் மிதிப்பவரின் காலிலிருந்து வந்தது. இங்கே அந்தக் கால் உங்கள் வண்டியின் டீசல் இன்ஜின்.

எவ்வளவு கனக்கும் என்று பார்ப்போம். 1,600 கிலோ எடையுள்ள ஒரு காரைச் சமதளத்தில் மணிக்கு 60 கிலோமீட்டரில் சும்மா இழுக்க, டயர் உராய்வையும் காற்றையும் சேர்த்துச் சுமார் 30 கிலோ இழுவிசை போதும். அதே கார் அதே வேகத்தில் 20 கிலோவாட் அளவுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே வந்தால், அந்த வேலைக்கு மட்டும் இன்னொரு 140 கிலோ இழுவிசை வேண்டும். ஆக, கயிறும் கொக்கியும் வழக்கத்தைவிட ஐந்து மடங்குக்கு மேல் தாங்க வேண்டியிருக்கிறது. டீசல் கணக்கு இதைவிட மோசம். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் அளவு வெப்பம் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் இன்ஜின் சுழற்சியாக மாற்றும். கியர்பாக்ஸிலும் டயரிலும் கொஞ்சம் போகும். பிறகு காரின் டயர், கியர், மோட்டார், இன்வெர்ட்டர், பேட்டரி என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கடைசியில் பேட்டரிக்குள் போய்ச் சேர்வது லிட்டருக்கு இரண்டரை யூனிட் அளவு. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு யூனிட்டின் விலை 37 ரூபாய் ஆகிறது. வீட்டு மீட்டர் எவ்வளவு மேல் படிக்குப் போனாலும் யூனிட் 12 ரூபாய் அளவில் நின்றுவிடும். பொது இடத்து வேகச் சார்ஜரில் வரியோடு 20, 25 ரூபாய் ஆகலாம். இழுத்து ஏற்றும் சார்ஜ் இலவசம் என்பவர் டீசல் பில்லைப் பார்க்காதவர்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வண்டி எப்படியும் ஓடுகிறது, இன்ஜின் எப்படியும் சுழல்கிறது, கூடுதல் செலவு அவ்வளவா ஆகிவிடும் என்று கேட்கலாம். பாரம் குறைவாக ஓடும் இன்ஜினுக்குப் பாரம் கூட்டினால், அந்தக் கூடுதல் பாரத்துக்கான டீசலை அது கொஞ்சம் சிக்கனமாகவே எரிக்கும், இது உண்மைதான். அதற்காக லிட்டருக்கு மூன்று யூனிட் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் யூனிட் 30 ரூபாய். கல்யாண மண்டப வாசலில் புகை கக்கிக்கொண்டு நிற்கும் ஜெனரேட்டரும் லிட்டருக்கு மூன்று யூனிட் கொடுத்துவிடும், பல நேரம் அதற்கு மேலும். ஆக, சாலை நெடுகக் கயிறு கட்டி இழுத்து, இரண்டு வண்டி டயரையும் தேய்த்துப் பெறும் மின்சாரத்தை, ஓரமாக நிற்கும் ஒரு ஜெனரேட்டரே தந்துவிடும், யாருடைய உயிருக்கும் ஆபத்தில்லாமல். ஜெனரேட்டரிடம் தோற்கும் ஒரு யோசனையை மின்கார்க்காரர் ஒருவர் புதுமை என்று நினைப்பதுதான் வேடிக்கை.

விலை கிடக்கட்டும், அவசரத்துக்கு உதவுமே என்றால், அவசரத்தில்தான் இது கைவிடுகிறது. மின்கார் நிற்கும் விதம் பெரும்பாலும் மூன்று. பேட்டரியில் இன்னும் சில சதவீதம் இருக்கிறது, உரிமையாளருக்குப் பயம் வந்து நிறுத்திவிட்டார். இவருக்கு இழுவை தேவையில்லை. ஏசியை அணைத்து, இடதுபுறமாக 40-இல் ஓட்டினால் அருகிலுள்ள சார்ஜருக்குத் தானாகவே போய்விடுவார். இரண்டாவது, பேட்டரி முழுக்க இறங்கி, வண்டியின் கட்டுப்பாட்டு அமைப்பு பெரிய பேட்டரியை மற்ற பாகங்களிலிருந்து துண்டித்துவிட்ட நிலை. இந்த நிலையில் பெரும்பாலான கார்கள் "ரெடி" காட்டாது, "டி"-க்கும் போகாது. இழுத்தாலும் பேட்டரிக்கு வழி திறந்திருக்காது, சார்ஜ் ஏறாது. மூன்றாவது, ஏதோ பழுது. திரையில் சிவப்பு எச்சரிக்கை. இதில் சக்கரத்தைச் சுற்றவே கூடாது. ஆக, இழுத்துச் சார்ஜ் ஏற்ற முடிகிற கார், அநேகமாக அது தேவைப்படாத கார். காணொளி எடுப்பவர்களின் வண்டியில் எப்போதும் சார்ஜ் மிச்சமிருப்பது தற்செயல் அல்ல.

நியூட்ரல் என்ற பேச்சைப் பார்ப்போம். உங்கள் கைப்பழக்கம் இந்த இடத்தில்தான் ஏமாற்றும். சாதாரணக் காரில் நியூட்ரல் போட்டால் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு அறுந்துவிடும். மின்கார்களில் அநேகமாகக் கிளட்ச் கிடையாது. மோட்டார் ஒரே ஒரு கியர் வழியாகச் சக்கரத்தோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கிறது. திரையில் "என்" என்று காட்டுவது, கரண்ட் கொடுக்காதே என்று மோட்டாருக்குச் சொல்லும் உத்தரவு மட்டும்தான். சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும். அதற்குள் பெரும்பாலும் நிரந்தரக் காந்தம் இருப்பதால், கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது மின்னழுத்தம் உண்டாக்கும். வேகம் கூடக் கூட அழுத்தமும் கூடும். வண்டி அணைந்திருக்கும்போது அந்த மின்சாரம் போய் அடங்கப் பேட்டரி இல்லை, சூட்டைத் தணிக்கும் தண்ணீர் பம்ப் ஓடுவதில்லை. சேதம் இன்வெர்ட்டரில் போய் விழும், மாற்றுவதென்றால் அது காரிலேயே விலை உயர்ந்த பாகங்களில் ஒன்று. டெஸ்லாவின் கையேடு சக்கரம் சுழலும் நிலையில் காரைக் கொண்டுபோகவே கூடாது என்கிறது. நிசான் லீஃபின் கையேடு முன்சக்கரம் தரையில் பட இழுக்காதே என்கிறது. தயாரிப்பாளர்கள் மோட்டாருக்கு அஞ்சித்தான் இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் போதுமே என்று உங்களில் பலருக்குத் தோன்றும். நெக்ஸான், பஞ்ச், டியாகோ மின்கார்கள், எம்ஜி விண்ட்சர், பக்கத்திலேயே தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் ஆகியவற்றில் மோட்டார் முன்சக்கரத்தில் இருப்பதால், முன்பக்கம் தூக்கினால் மோட்டார் சுற்றாது. மஹிந்திரா பிஇ 6, எக்ஸ்இவி 9இ, ஐயோனிக் 5 ஆகியவற்றில் மோட்டார் பின்சக்கரத்தில் இருக்கிறது. முன்பக்கத்தைத் தூக்கி இழுத்தால் எந்தச் சக்கரம் சுற்றக் கூடாதோ அதுதான் தரையில் ஓடும். இதில் அதிகம் ஏமாற்றுவது எம்ஜி காமெட். தள்ளுவண்டி அளவுக்கு ஒரு கார், முன்னால் தூக்கி மாட்டினால் ஐந்து நிமிட வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தக் குட்டி வண்டிக்கும் மோட்டார் பின்னால்தான். ஹாரியர் மின்காரின் நான்கு சக்கர வகையில் முன்னாலும் பின்னாலும் மோட்டார் உண்டு. இத்தனையையும் இரவு பதினோரு மணிக்கு, லாரி லைட் கண்ணில் அடிக்க, சாலையோரத்தில் நின்று நினைவுபடுத்திக்கொள்வதைவிட, எல்லா மின்காரையும் ஃப்ளாட்பெட்டில் ஏற்றுவது என்று முடிவு செய்துவிடுவது எளிது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கிளம்பும் கார் கேரியர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பழுதே இல்லாத புத்தம் புதுக் காரைக்கூட அவர்கள் சக்கரம் கட்டித்தான் அனுப்புகிறார்கள்.

வெளிநாட்டில் செய்கிறார்களே என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் மோட்டார்ஹோம் என்னும் வீட்டு வண்டிக்குப் பின்னால், நான்கு சக்கரமும் தரையில் உருள ஒரு சிறு காரை இழுத்துப் போவது பழைய வழக்கம். பெரிய வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுச் சின்னக் காரில் கடைத்தெருவுக்குப் போய்வர வசதி. அதைப் பார்த்துத்தான், போகிற வழியிலேயே அந்தக் கார் தன்னைச் சார்ஜ் செய்துகொண்டால் என்ன என்ற ஆசை பிறந்தது. ஆனால் அவர்கள் இழுப்பது கயிற்றில் அல்ல, அசையாத இரும்புச் சட்டத்தில். முன்வண்டி பிரேக் பிடித்தால் பின்வண்டியும் பிடிக்கும்படி இணைப்பு உண்டு. தயாரிப்பாளர் இழுக்கலாம் என்று எழுதிக் கொடுத்த காரைத்தான் இழுப்பது முறை. பெரும்பாலான மின்கார்களுக்கு அந்த அனுமதி அங்கேயும் கிடையாது. நம் ஊரில் வேறு சட்டம். 1989-இல் வந்த சாலை விதிமுறைகளின்படி, ஓட முடியாமல் பழுதான வண்டி, முழுதாகப் பூட்டி முடிக்காத வண்டி, பதிவு செய்த ட்ரெய்லர், சைடுகார் ஆகியவற்றைத் தவிர வேறு எதையும் இழுக்கக் கூடாது என்றிருந்தது. பழுதான வண்டியையும் அருகிலுள்ள பெட்ரோல் பங்க் அல்லது ஒர்க் ஷாப் வரைதான். அதுவும் இரண்டு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்குள், மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்துக்குள். அவற்றின் இடத்தில் 2017-இல் வந்த ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் இழுவைக்கு இதே போன்ற கட்டுப்பாடுகளைத்தான் வைக்கின்றன.

சரி, அந்தச் சட்டத்துக்கு உட்பட்டே இழுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து குத்தம்பாக்கம் வரை 15 கிலோமீட்டர் என்றால், 24 கிலோமீட்டர் வேகத்தில் நாற்பது நிமிடத்துக்கு நெருக்கமாக ஆகும். மேலே சொன்ன அதே 140 கிலோ இழுவிசையில் மொத்தம் கிடைப்பது 5 யூனிட் அளவு. 60 கிலோவாட் வேகச் சார்ஜரில் 5 யூனிட் ஏற ஐந்து நிமிடம் போதும். அந்த நாற்பது நிமிடமும் கன்டெய்னர்களும் கம்பெனி பஸ்களும் பறக்கும் சாலையில், கயிற்றால் கட்டிய இரண்டு வண்டிகள் ஆமை வேகத்தில் ஊர்வதை நினைத்துப் பாருங்கள். இடைவெளியில் புக நினைக்கும் ஒரு டூவீலருக்கு இரவில் கயிறு தெரியாது. இழுவிசை இருப்பதால் கயிறு தொய்யாமல் விறைப்பாகவே இருக்கும், குலுக்கல் குறையும் என்று ஒருவர் வாதாடலாம்; அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, காரின் கம்ப்யூட்டர் கையில். மழைச் சாலையில் சக்கரம் கொஞ்சம் வழுக்கினாலோ, ஏதோ ஒரு பாகம் சூடானாலோ, கேட்காமலே அது சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும். விறைத்திருந்த கயிறு அந்த நொடியில் தொய்யும்; பின்கார் முன்னால் பாயும். இது எப்போது நடக்கும் என்று பின்காரில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

மழை என்றதும் 2023 டிசம்பரை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து பூந்தமல்லி வரை தண்ணீரில் கார்கள் நின்றன. அந்த மாதிரி நாட்களில் அவசரம் கூடும், ஃப்ளாட்பெட் கிடைக்காது, யார் வண்டியையும் கயிற்றில் கட்டி மேட்டுக்கு இழுத்துவிட்டால் போதும் என்றாகிவிடும். பெட்ரோல் காருக்கு அது சரி. தண்ணீரில் நின்ற மின்காரில், ஈரம் புகுந்திருக்கக்கூடிய இன்வெர்ட்டருக்குள் சக்கரம் சுற்றி மின்னழுத்தம் அனுப்புவது வேறு. அங்கே கையால் தள்ளும் வேகத்தில் சில அடி நகர்த்தலாம். அதற்கு மேல் காத்திருக்கத்தான் வேண்டும். ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள் எங்கே தென்பட்டாலும் அது உயர் மின்னழுத்தக் கேபிள். கை வைக்காதீர்கள், பக்கத்தில் கொக்கி மாட்டாதீர்கள்.

உங்கள் பக்கத்து மறுப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. வாடகை. ஃப்ளாட்பெட் என்றால் வாடகை கூட, வாடிக்கையாளர் பேரம் பேசுவார், நீங்கள் முடியாது என்றால் அடுத்த ஆள் கயிற்றோடு வந்து நிற்பார். சின்ன வண்டி வைத்துப் பிழைப்பவருக்கு இது வெறும் நியாயப் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் வாடிக்கையாளர் சம்மதித்தார் என்பது பிறகு உதவாது. அடுத்த வாரம் மோட்டார் போய்விட்டால் கம்பெனி வாரன்ட்டியை மறுக்கும். அவர் உங்களிடம்தான் வருவார், இழுத்தது உங்கள் வண்டி. கயிற்று வாடகையில் மிச்சப்பட்டது ஒரு இன்வெர்ட்டர் விலையில் எந்த மூலைக்கு? மின்கார் வைத்திருப்பவர்களில் பலருக்குக் காப்பீட்டிலோ கம்பெனியிலோ சாலையோர உதவி ஏற்கெனவே இருக்கும்; அதை அவர்களே மறந்திருப்பார்கள். அந்த எண்ணைத் தேடச் சொல்வதும் உங்கள் வேலையில் சேர்த்திதான், அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டால் வருமானமும்கூட.

இழுக்காமலே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. செத்துக் கிடப்பதாகச் சொல்லப்படும் மின்காரில் பெரிய பேட்டரிக்கு ஒன்றும் ஆகாமல், சாதாரண 12 வோல்ட் பேட்டரி மட்டும் இறங்கியிருப்பது உண்டு. கதவு திறக்காது, திரை வராது, பார்க் பூட்டு விடாது; பார்த்தால் முழுக்கப் போன வண்டி மாதிரி இருக்கும். கையேட்டில் சொன்ன இடத்தில் கேபிள் மாட்டி அந்த 12 வோல்ட்டுக்கு உயிர் கொடுத்தால், கார் தானே எழுந்து நகரும். இதற்கு ஒரு ஜம்ப் பேக் போதும். உண்மையிலேயே சார்ஜ் தீர்ந்த காருக்கு, ஃப்ளாட்பெட்டில் ஏற்றிப் பாதுகாப்பான இடத்தில் இறக்கி, அங்கே 5 கேவிஏ ஜெனரேட்டரில் உரிமையாளரின் சார்ஜரை மாட்டினால், ஒரு மணி நேரத்தில் 3 யூனிட், அதாவது 20 கிலோமீட்டர் ஓட்டம் கிடைக்கும். அடுத்த சார்ஜருக்குப் போக அது போதும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்காது. மின்கார் சார்ஜர் எர்த் இல்லை என்று சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுக் கரண்ட் வாங்க மறுக்கும். பலர் ஜெனரேட்டர் ஒத்துவராது என்று முடிவு கட்டுவது இதனால்தான். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்து அந்த இணைப்பை ஒருமுறை முறையாகச் செய்துகொள்ளுங்கள். சாலையோரத்தில் கம்பியைச் சுற்றி நீங்களே செய்ய வேண்டாம். போகிற வழியில் சார்ஜ் ஏறினால் நல்லது என்று காணொளி பார்த்தவர் கேட்டதற்கு, ஏறக்குறைய இதுதான் பதில்: சக்கரத்தின் வழியாக வேண்டாம், பிளக்கின் வழியாக ஏறட்டும்.

2025 தொடக்கத்தில் ராஜஸ்தானில் நின்றுபோன ஒரு மின்காரைக் காளைகள் பூட்டி இழுத்த படம் நாடெங்கும் சுற்றியது. மின்காரைக் கேலி செய்யத்தான் அது பரவியது. ஆனால் தயாரிப்பாளர்கள் சொல்லும் எல்லையை ஒட்டிப் போனது அந்தக் காளைகளின் நடைவேகம்தான்; ஃப்ளாட்பெட்டில் ஏற்றும்போது மின்காரை நகர்த்த டெஸ்லா அனுமதிக்கும் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர். அந்த அளவு நகர்த்தலில் உங்களுக்கும் தடையில்லை.

குத்தம்பாக்கத்தில் சி.எம்.டி.ஏ. கட்டியிருக்கும் பேருந்து முனையத்தின் வாகன நிறுத்தத்தில் வேகச் சார்ஜர்கள் அமைய வேண்டும் என்று இந்தப் பகுதிக்காரர்கள் கேட்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கேட்கும்போது உங்கள் குரலும் சேர்ந்தால் நல்லது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் வண்டிகள் நிற்கின்றன என்ற கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது. அதுவரை, அழைப்பு வந்ததும் நான்கு கேள்விகள் கேளுங்கள்: என்ன மாடல், திரை எரிகிறதா, மீட்டரில் எத்தனை சதவீதம், தண்ணீரில் நின்றதா. மூன்றாவது கேள்விக்கு ஐந்து என்று பதில் வந்தால், அருகிலுள்ள சார்ஜர் எங்கே என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
குத்தம்பாக்கம் வாசி ஒருவர்